குழாய்ச் சுவரின் கணக்கு

இரும்புக் கடையில் 'ஒரு இஞ்ச்' ஜி.ஐ. பைப் மூன்று ரகமாகக் கிடைக்கிறது. மூன்றின் வெளிச்சுற்றும் ஏறத்தாழ ஒன்றே. அதனால் ஒரே எல்போ மூன்றுக்கும் பொருந்தும். எது எந்த ரகம் என்று தெரிவதற்காக மெலிந்த குழாயில் மஞ்சள் பட்டையும், நடுத்தரக் குழாயில் நீலப் பட்டையும், கனத்த குழாயில் சிவப்புப் பட்டையும் தீட்டியிருக்கும். தராசில் வைத்தால் வேறுபாடு வெளிப்பட்டுவிடும். ஒரு மீட்டர் துண்டு மஞ்சளில் சுமார் 2 கிலோ, நீலத்தில் 2.4 கிலோ, சிவப்பில் 2.9 கிலோ நிற்கும். வெளியே ஒரே பருமனாகத் தெரியும் குழாய்களில் ஒன்று மற்றொன்றைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனக்கிறது.

காரணம் சுவரின் தடிமன். மஞ்சளில் அது 2.6 மில்லிமீட்டர், நீலத்தில் 3.2, சிவப்பில் 4. ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவான மாற்றம் எடையை இவ்வளவு உயர்த்துவது எப்படி? தடிமன் தெரிந்தால் நிறுக்காமலே எடையைச் சொல்ல முடியுமா? எடை தெரிந்தால் குழாயை வெட்டாமலே தடிமனைச் சொல்ல முடியுமா? மூன்று கேள்விகளுக்கும் ஒரே கணக்கு விடை தருகிறது. அது உள்ளீடற்ற உருளையின் கனஅளவைக் காணும் கணக்கு.

மூன்று அளவுகள்

ஒரே பருமனில் நேராக நீளும் வட்டத் தண்டுக்கு உருளை என்று பெயர். அதன் அச்சை ஒட்டியே உள்ளிருந்து இன்னொரு சிறிய உருளையைக் குடைந்து எடுத்துவிட்டால் எஞ்சி நிற்பது உள்ளீடற்ற உருளை. தண்ணீர்க் குழாய், கிணற்று உறை, சைக்கிள் சட்டத்தின் தண்டுகள், மூங்கிலின் கணுவிடைப் பகுதி ஆகியவை எல்லாம் இவ்வடிவத்தவை.

இவ்வடிவத்தை முழுமையாகச் சொல்ல மூன்று அளவுகள் போதும்: வெளி விட்டம், உள் விட்டம், நீளம். வெளி விட்டத்திலிருந்து உள் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் சுவர்த் தடிமன் கிடைக்கும். பாதியாக்குவதற்குக் காரணம், விட்டத்தின் இரு முனைகளிலும் சுவர் இருப்பது. எனவே வெளி விட்டம், உள் விட்டம், தடிமன் என்ற மூன்றில் எவை இரண்டு தெரிந்தாலும் மூன்றாவது தானே வந்துவிடும்.

'ஒரு இஞ்ச்' என்பதை இக்கணக்கில் அப்படியே போட்டுவிடக் கூடாது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். ஆனால் அந்தக் குழாயின் வெளி விட்டம் சுமார் 33.7 மில்லிமீட்டர். உள் விட்டம் மஞ்சளில் 28.5, நீலத்தில் 27.3, சிவப்பில் 25.7. எந்த அளவும் சரியாக ஓர் அங்குலம் இல்லை. கடையில் வழங்கும் அளவு உள்துளையின் பருமனைத் தோராயமாகக் குறிப்பது. கணக்குக்கு வேண்டியது அளந்து அறிந்த அளவு.

கழித்தல் வழி

உருளையை எந்த இடத்தில் குறுக்கே வெட்டினாலும் வெட்டுமுகம் ஒரே மாதிரி இருக்கும். எனவே வெட்டுமுகத்தின் பரப்பை நீளத்தால் பெருக்கினால் கனஅளவு வந்துவிடும். திண்ம உருளையில் வெட்டுமுகம் வட்டம். உள்ளீடற்ற உருளையில் அது வளையம்: பெரிய வட்டத்துக்குள் சிறிய வட்டம் விட்டுச் சென்ற வெற்றிடம், அதைச் சுற்றிப் பொருள்.

வட்டத்தின் பரப்பைக் காணும் வழி பழமையானது. ஒரு வட்டத்தின் பரப்பு, அதன் சுற்றளவை அடிப்பக்கமாகவும் ஆரத்தை உயரமாகவும் கொண்ட செங்கோண முக்கோணத்தின் பரப்புக்குச் சமம் என்று கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் நிறுவினார். சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பு கிடைக்கும் என்று ஆரியபட்டர் கூறினார். இரண்டும் ஒன்றே. விட்டத்தைப்போல் சுற்றளவு எத்தனை மடங்கு என்ற எண்ணே பை. 96 பக்கங்கள் கொண்ட பலகோணங்களை வட்டத்தின் உள்ளும் புறமும் வரைந்து, அந்த எண் 223/71-க்கும் 22/7-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று ஆர்க்கிமிடீஸ் காட்டினார். கி.பி. 499-இல் இயற்றிய ஆரியபட்டீயம் 3.1416 என்ற மதிப்பைத் தருகிறது.

வளையத்தின் பரப்பு என்பது பெரிய வட்டத்தின் பரப்பிலிருந்து சிறிய வட்டத்தின் பரப்பைக் கழித்த மீதி. நீலப் பட்டைக் குழாயில் பெரிய வட்டத்தின் பரப்பு 892 சதுர மில்லிமீட்டர். துளையின் பரப்பு 585.4 சதுர மில்லிமீட்டர். மீதி 306.6 சதுர மில்லிமீட்டர்தான் இரும்பு. வெளியே தெரியும் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலான இடத்தை மட்டுமே உலோகம் நிரப்பியிருக்கிறது.

இந்த இடத்தில் பலரும் இடறுவதுண்டு. ஆரங்களைக் கழித்துவிட்டு, வந்த மீதியை வர்க்கமாக்கிப் பரப்பு காண முயல்வார்கள். நீலக் குழாயில் ஆரங்களின் வேறுபாடு 3.2 மில்லிமீட்டர். அதை ஆரமாகக் கொண்ட வட்டத்தின் பரப்பு வெறும் 32 சதுர மில்லிமீட்டர், உண்மையான விடையில் பத்தில் ஒரு பங்குதான். அந்தச் சிறு வட்டம் குழாயில் எங்கும் இல்லை. சுவர் என்பது மையத்தைச் சுற்றி நீளமாக வளைந்து ஓடும் பட்டை. எனவே முதலில் இரு வட்டங்களின் பரப்பையும் தனித்தனியே கண்டு, பிறகே கழிக்க வேண்டும்.

விரித்தல் வழி

கழித்தலே இல்லாமல் வளையத்தின் பரப்பைக் காண இன்னொரு வழி உண்டு. ஒரு கோரைப்பாயை நடுவில் துளை இருக்கும்படி இறுகச் சுருட்டி, அதன் ஓரத்தை நேராகப் பார்த்தால் வளையம் தெரியும். அதே பாயைத் தரையில் விரித்தால் அந்த ஓரம் நீண்ட மெல்லிய பட்டையாகிவிடும். சுருட்டினாலும் விரித்தாலும் கோரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனவே வளையத்தின் பரப்பும் பட்டையின் பரப்பும் ஒன்றே. பட்டையின் பரப்பு, பாயின் நீளத்தை அதன் தடிமனால் பெருக்கியது.

பாயின் நீளத்தைச் சுருளிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். உள்ளே இருக்கும் சுற்று மிகக் குட்டை. வெளியே இருக்கும் சுற்று மிக நீளம். ஒவ்வொரு சுற்றிலும் விட்டம் பாயின் தடிமனைப்போல் இரு மடங்கு கூடுவதால், ஒவ்வொரு சுற்றும் தனக்கு முந்தைய சுற்றைவிட ஒரே அளவு நீண்டிருக்கும். இப்படிச் சம அளவில் ஏறிக்கொண்டே போகும் எண்களின் சராசரி, முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் சரியாக நடுவில் நிற்கும். ஆகவே பாயின் மொத்த நீளம், சராசரிச் சுற்றளவைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கியது. சுற்றுகளின் எண்ணிக்கையைப் பாயின் தடிமனால் பெருக்கினால் சுருளின் சுவர்த் தடிமன் வரும். முடிவில் கிடைக்கும் விதி எளியது: வளையத்தின் பரப்பு, சராசரிச் சுற்றளவைச் சுவர்த் தடிமனால் பெருக்கியது.

கோரைப்பாய்க்கு இது தோராயமான விதி. சுருள் என்பது முழு வட்டங்களின் அடுக்கு அல்ல. பாய் மெலிய மெலியச் சுருளின் சுற்றுகள் வட்டத்தை நெருங்கிக்கொண்டே போகும், பிழையும் குறைந்துகொண்டே போகும். தடிமன் இல்லை என்னும் எல்லையில் விதி துல்லியமாகிறது. எண்ணற்ற மெல்லிய படலங்களாகப் பிரித்து, பிறகு கூட்டிச் சேர்க்கும் இந்தச் சிந்தனைதான் நுண்கணிதத்தின் அடித்தளம்.

நீலக் குழாயில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். வெளி விட்டம் 33.7, உள் விட்டம் 27.3, இரண்டுக்கும் நடு 30.5. அந்த விட்டத்துக்கு உரிய சுற்றளவு 95.8 மில்லிமீட்டர். அதை 3.2-ஆல் பெருக்கினால் 306.6 வருகிறது. கழித்தல் வழியில் வந்த அதே விடை. இது தற்செயல் அல்ல. இரண்டு எண்களின் வர்க்கங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு, அவ்விரு எண்களின் கூட்டுத்தொகையை அவற்றின் வேறுபாட்டால் பெருக்கியதற்குச் சமம் என்று பள்ளி இயற்கணிதம் சொல்கிறது. கூட்டுத்தொகை சராசரிச் சுற்றளவாகவும் வேறுபாடு தடிமனாகவும் இங்கே உருவெடுக்கின்றன.

சராசரிக்குப் பதில் வெளிச் சுற்றளவை எடுத்துக்கொண்டால் பரப்பு 338.8 என்று பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும். உட்சுற்றளவை எடுத்தால் அதே அளவு குறையும். நடுவில் எடுத்தால்தான் வெளியில் கூடுவதும் உள்ளே குறைவதும் ஒன்றையொன்று சரியாக ஈடுசெய்கின்றன. அலெக்சாந்திரியாவில் கி.பி. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த பாப்பஸ் இதைப் பொதுவிதியாகச் சொன்னார். ஒரு தட்டையான உருவம் ஓர் அச்சைச் சுற்றி வரும்போது உண்டாகும் கனஅளவு, அவ்வுருவத்தின் பரப்பை அதன் பரப்பு மையம் கடக்கும் தூரத்தால் பெருக்கியது. குழாய்ச் சுவரின் நெடுக்குவெட்டு ஒரு நீள்சதுரம். அதன் மையம் கடப்பது சராசரிச் சுற்றளவு. இதே விதியைக் கொண்டு, காற்றடைத்த சைக்கிள் டியூப் அடைக்கும் இடத்தையும் கண்டுவிடலாம்.

இரண்டு வழிகளும் ஒரே விடையைத் தந்தாலும் ஒவ்வொன்றும் ஒரு தனி உண்மையைக் காட்டுகிறது. துளை மையம் விலகி ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும் குழாயை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் சுவர் மெலிந்தும் எதிர்ப்பக்கம் தடித்தும் இருக்கும். விரித்தல் வழியில் இது குழப்பம் தரும். கழித்தல் வழி உடனே தெளிவாக்கிவிடும்: துளை எங்கே இருந்தாலும் அதன் பரப்பு அதேதான், எனவே உலோகத்தின் அளவும் மாறவில்லை. குழாயின் எடையைக் கொண்டு துளை மையத்தில் இருக்கிறதா என்று ஒருபோதும் அறிய முடியாது என்ற முடிவும் இதிலிருந்தே வருகிறது.

ஒரே ஒரு கோடு

வளையத்தின் பரப்பை ஒரே ஓர் அளவைக் கொண்டும் காணலாம். குழாயின் வெட்டுமுகத்தில், உள்வட்டத்தைத் தொட்டுக்கொண்டு வெளிவட்டத்தின் ஒரு புள்ளியிலிருந்து மறுபுள்ளி வரை ஒரு நேர்கோடு வரைய வேண்டும். அது வெளிவட்டத்துக்கு நாண், உள்வட்டத்துக்குத் தொடுகோடு. அந்த நாணை விட்டமாகக் கொண்ட வட்டத்தின் பரப்பே வளையத்தின் பரப்பு.

இதன் நிறுவல் பிதாகரஸ் தேற்றம். மையத்திலிருந்து தொடுபுள்ளிக்கு வரையும் கோடு உள் ஆரம். அது நாணைச் செங்குத்தாகச் சந்தித்து இரண்டாகப் பகிர்கிறது. மையத்திலிருந்து நாணின் முனைக்கு வரையும் கோடு வெளி ஆரம். இந்தச் செங்கோண முக்கோணத்தில், வெளி ஆரத்தின் வர்க்கத்திலிருந்து உள் ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்தால் அரை நாணின் வர்க்கம் வருகிறது. வளையத்தின் பரப்புக்கு வேண்டியதும் அந்த வேறுபாடுதான். அர்மீனியாவைச் சேர்ந்த மமிகோன் மனாட்சகானியன் 1959-இல் மாணவராக இருந்தபோது இதை வேறொரு கோணத்தில் பார்த்தார். அரை நாண் உள்வட்டத்தைத் தொட்டபடியே சுற்றிவந்தால் அது வளையம் முழுவதையும் துடைத்துச் செல்லும். சுற்றிவரும் அந்தக் கோடுகளை எல்லாம் திசை மாறாமல் ஒரே புள்ளிக்கு நகர்த்தினால் அவை ஒரு முழு வட்டத்தை நிரப்பும். இரண்டின் பரப்பும் ஒன்றே என்று அவர் காட்டினார்.

நீலக் குழாயில் அந்த நாணின் நீளம் 19.8 மில்லிமீட்டர். ஆகவே அந்தக் குழாயின் இரும்பை உருக்கி அதே நீளத்துக்குத் திண்மக் கம்பியாக வார்த்தால் அதன் விட்டமும் 19.8 மில்லிமீட்டராக இருக்கும். கட்டுமானத்தில் பயன்படும் 20 மில்லிமீட்டர் கம்பியில் இருக்கும் இரும்புக்கு இது ஏறக்குறைய சமம்.

கனஅளவிலிருந்து நிறைக்கு

கனஅளவு என்பது பொருள் அடைத்துக்கொள்ளும் இடம். நிறை என்பது அதில் அடங்கியிருக்கும் பொருளின் அளவு. இரண்டையும் இணைப்பது அடர்த்தி, அதாவது ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை கிராம் என்பது. கடைத் தராசு காட்டும் கிலோவும் நிறையே. புவி அந்த நிறையை இழுக்கும் விசையை இயற்பியல் எடை என்று தனியே குறிக்கிறது. நிலவில் இழுப்பு ஆறில் ஒரு பங்காகக் குறையும், நிறை மாறாது. அன்றாடப் பேச்சில் இரண்டும் ஒன்றாகவே வழங்குகின்றன.

கட்டுமான எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். கணக்கை எளிதாக்க ஒரு பொருத்தம் துணைசெய்கிறது: ஒரு சதுர மில்லிமீட்டர் வெட்டுமுகமும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட கம்பியின் கனஅளவு சரியாக ஒரு கன சென்டிமீட்டர். எனவே வெட்டுமுகத்தின் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் கண்டுவிட்டால், ஒரு மீட்டரின் கனஅளவும் அதே எண்தான். நீலக் குழாயில் 306.6 கன சென்டிமீட்டர். அதை 7.85-ஆல் பெருக்கினால் 2,407 கிராம். மஞ்சளில் வெட்டுமுகம் 254 சதுர மில்லிமீட்டர், நிறை 1,994 கிராம். சிவப்பில் 373.2 சதுர மில்லிமீட்டர், நிறை 2,930 கிராம். பூச்சாக இருக்கும் துத்தநாகம் இதற்குமேல் சிறிதளவு சேர்க்கும். அதே வெளி விட்டத்தில் துளையே இல்லாத திண்மத் தண்டாக இருந்தால் ஒரு மீட்டர் 7 கிலோ கனக்கும்.

நீலக் குழாயின் அளவிலேயே செம்பில் செய்தால் ஒரு மீட்டர் சுமார் 2.75 கிலோ, அலுமினியத்தில் 0.83 கிலோ, பி.வி.சி.யில் 0.43 கிலோ வரும். வடிவக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றே; மாறுவது அடர்த்தி மட்டும். குழாயில் தண்ணீர் நிறைந்திருந்தால் துளையின் கணக்கும் சேர வேண்டும். 585 கன சென்டிமீட்டர் தண்ணீர் 585 கிராம். அப்போது நீலக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ. குழாயைத் தாங்கும் கிளாம்புகளின் இடைவெளியைத் தீர்மானிக்க இந்த மூன்று கிலோவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பட்டறைகளில் வழங்கும் குறுக்குவழி ஒன்று இந்த முழுக் கணக்கையும் சுருக்கித் தருகிறது. வெளி விட்டத்திலிருந்து தடிமனைக் கழித்து, வந்த எண்ணைத் தடிமனால் பெருக்கி, பிறகு 0.0247-ஆல் பெருக்கினால் எஃகுக் குழாயின் ஒரு மீட்டர் எடை கிலோவில் வரும். வெளி விட்டத்திலிருந்து தடிமனைக் கழித்தால் வருவது சராசரி விட்டம். 0.0247 என்பது பையையும் 7.85-ஐயும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்த எண். இது முழுக்க விரித்தல் வழிதான். கம்பிக்கு வேறு குறுக்குவழி உண்டு: விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டர் எடை. 20 மில்லிமீட்டர் கம்பிக்கு 400-ஐ 162-ஆல் வகுக்க 2.47 கிலோ வருகிறது. இரண்டு குறுக்குவழிகளிலும் எஃகின் அடர்த்தி உள்ளே புதைந்திருக்கிறது. செம்புக்கோ அலுமினியத்துக்கோ அப்படியே பயன்படுத்தினால் விடை தவறிவிடும்.

தடிமன் உள்ளே கூடுமா, வெளியே கூடுமா

மஞ்சளிலிருந்து சிவப்புக்குத் தடிமன் 54 விழுக்காடு கூடுகிறது. எடை 47 விழுக்காடுதான் கூடுகிறது. வெளி விட்டம் மாறாமல் இருப்பதால் கூடுதல் உலோகம் உட்பக்கமாகச் சேர்கிறது. உட்பக்கச் சுற்றுகள் குட்டையானவை. அதனால் எடை தடிமனைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் ஏறுகிறது.

கிணற்று உறையில் இது தலைகீழ். மண் சரியாமல் தாங்குவதற்காக வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் முறை தமிழகத்தில் மிகப் பழமையானது. கீழடியிலும் அரிக்கமேட்டிலும் அகழாய்வில் சுடுமண் உறைகிணறுகள் வெளிப்பட்டன; பட்டினப்பாலையும் உறைகிணற்றைக் குறிப்பிடுகிறது. இன்று அந்த வளையங்களைக் கான்கிரீட்டில் வார்க்கிறார்கள். உறையில் மாறாமல் இருக்க வேண்டியது உள் விட்டம். உள் விட்டம் 90 சென்டிமீட்டரும், சுவர் 5 சென்டிமீட்டரும், உயரம் 30 சென்டிமீட்டரும் உள்ள ஓர் உறையில் சராசரி விட்டம் 95 சென்டிமீட்டர். கனஅளவு சுமார் 44,800 கன சென்டிமீட்டர். கான்கிரீட்டின் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 2.4 கிராம் என்று கொண்டால் எடை 107 கிலோ. சுவரை 7.5 சென்டிமீட்டராக்கினால் சராசரி விட்டம் 97.5 ஆகிறது, எடை 165 கிலோ. தடிமன் 50 விழுக்காடு கூடியபோது எடை 54 விழுக்காடு கூடிவிட்டது. இங்கே புதிய பொருள் நீளமான வெளிச்சுற்றுகளில் சேர்கிறது.

மெல்லிய சுவர் கொண்ட குழாய்களுக்குப் பொதுவான ஒரு கணிப்பு இதிலிருந்து கிடைக்கிறது. தடிமன் மாறாமல் விட்டம் இரட்டித்தால் மீட்டர் எடை ஏறக்குறைய இரட்டிக்கும். விட்டம் மாறாமல் தடிமன் இரட்டித்தாலும் ஏறக்குறைய அப்படியே. இரண்டும் சேர்ந்து இரட்டித்தால் எடை சரியாக நான்கு மடங்காகும்.

எதை எவ்வளவு துல்லியமாக அளப்பது

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் விடையின் தரம் அளவீட்டைப் பொறுத்தது. நீலக் குழாயின் வெளி விட்டத்தை 0.1 மில்லிமீட்டர் கூடுதலாக அளந்துவிட்டால் எடையில் வரும் பிழை 0.3 விழுக்காடு. தடிமனில் அதே 0.1 மில்லிமீட்டர் தவறினால் பிழை 2.8 விழுக்காடு. பைக்குப் பதில் 22/7 என்று போட்டால் வரும் பிழை 0.04 விழுக்காடுதான். ஆகவே பையின் தசம இடங்களைக் கூட்டுவதால் பெரும்பயன் இல்லை. சுவர்த் தடிமனை வெர்னியர் காலிப்பராலோ திருகு அளவியாலோ நேரடியாக அளப்பதில்தான் கவனம் வேண்டும். சுற்றிலும் சில இடங்களில் அளந்து சராசரி காண்பது இன்னும் நல்லது. துளை விலகியிருந்தாலும் எதிரெதிர்ப் பக்கங்களின் தடிமனைச் சராசரியாக்கினால் அந்த விலகல் நீங்கிவிடும்.

தடிமன் இவ்வளவு முக்கியம் என்பதே கணக்கைத் தலைகீழாகப் போடவும் உதவுகிறது. குழாயின் நீளத்தையும் வெளி விட்டத்தையும் அளந்து, தராசில் நிறுத்தால், சராசரித் தடிமனைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். ஆறு மீட்டர் நீளமுள்ள நீலக் குழாய் 14.4 கிலோ இருக்க வேண்டும். அதே வெளி விட்டத்தில் 12 கிலோ நின்றால் அதன் சுவர் 2.6 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது, பட்டை எந்த நிறமாக இருந்தாலும்.

உலோகத்தின் கனஅளவை வடிவக் கணக்கே இல்லாமல் சரிபார்க்கவும் வழி உண்டு. நீரில் அமிழ்ந்த பொருள், தான் விலக்கிய நீரின் எடை அளவுக்கு எடையிழக்கிறது என்பது ஆர்க்கிமிடீஸ் விதி. இரு முனைகளும் திறந்த ஒரு மீட்டர் நீலக் குழாயை நீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் தராசு 2,407-க்குப் பதில் சுமார் 2,100 கிராம் காட்டும். குறைந்த 307 கிராம், 307 கன சென்டிமீட்டர் நீருக்கு உரியது. வளையக் கணக்கு சொன்ன கனஅளவும் அதுவே. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு வழிகள் ஒரே எண்ணில் வந்து சேரும்போது அந்த எண்ணை நம்பலாம்.

எடை சொல்வது சராசரியை மட்டுமே. பல ஆண்டுகள் ஓடிய குழாயில் துரு ஓரிடத்தில் மட்டும் ஆழமாக அரித்திருந்தால் தராசு அதைக் காட்டாது. அங்கே மீயொலி அளவி உதவுகிறது. சுவரின் வெளிப்பக்கம் வைத்த கருவி ஓர் ஒலித்துடிப்பை உள்ளே அனுப்பும். அது உட்பரப்பில் மோதித் திரும்பும் நேரத்தைக் கருவி அளக்கும். எஃகில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் வேகத்தில் செல்வதால், 3.2 மில்லிமீட்டர் சுவரைக் கடந்து திரும்ப ஒரு மைக்ரோ விநாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரம் ஆகும். குழாயை வெட்டாமல், நீரை நிறுத்தாமல், புள்ளி புள்ளியாகத் தடிமனை அறிய முடிகிறது.

மிதக்கும் இரும்பு

இரு முனைகளையும் அடைத்துவிட்டால் நிலைமை மாறிவிடும். அடைத்த குழாய் விலக்குவது வெளி விட்டம் அளவுள்ள முழு உருளையின் நீரை. ஒரு மீட்டர் நீலக் குழாய் 892 கிராம் நீரை விலக்கும். அதன் எடையோ 2,407 கிராம். அது மூழ்கும். ஆனால் வெளி விட்டம் ஒரு மீட்டரும் சுவர் 10 மில்லிமீட்டரும் உள்ள எஃகுக் குழாய் மீட்டருக்கு 244 கிலோ கனக்கும்; அது விலக்கும் நீர் 785 கிலோ. மூன்று மடங்குக்கு மேல் நீர் தாங்குவதால் அது மிதந்துவிடும்.

கணக்குப்படி எல்லை எளியது. சுவர்த் தடிமன் வெளி விட்டத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கைவிடக் குறைந்தால், காலியாக அடைத்த எஃகுக் குழாய் நன்னீரில் மிதக்கும். கடலுக்கு அடியிலும் ஆற்றுப் படுகையிலும் எரிவாயுவைக் கொண்டுசெல்லும் பெருங்குழாய்களுக்கு இது உண்மையான சிக்கல். உள்ளே இருக்கும் எரிவாயுவுக்கு நிறை குறைவு. எனவே குழாய் மேலெழும்பப் பார்க்கும். அதைத் தடுக்கக் குழாய்களின் மேல் கான்கிரீட் உறை பூசுவதுண்டு. அந்த உறையும் ஓர் உள்ளீடற்ற உருளைதான். எஃகின் நிறையோடு கான்கிரீட்டின் நிறையும் சேர்ந்து, விலக்கும் நீரின் நிறையை மிஞ்சும்வரை அதன் தடிமனைக் கூட்டுகிறார்கள்.

பொருளை விளிம்புக்குத் தள்ளுதல்

நடுவில் ஒன்றும் இல்லாத வடிவத்தை நீர் கொண்டுசெல்லாத இடங்களிலும் விரும்பிப் பயன்படுத்துவதற்குக் காரணம் அதன் நிறைக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு தண்டை வளைக்கும்போது ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் அமுங்கும். நடு அச்சில் இருக்கும் பொருள் ஏறக்குறைய எந்தச் சுமையையும் தாங்குவதில்லை. அச்சிலிருந்து விலகியிருக்கும் பொருள்தான் வளைவை எதிர்க்கிறது. எனவே நடுவில் இருக்கும் உலோகத்தை எடுத்து விளிம்பில் சேர்த்தால், நிறை கூடாமலே தண்டு விறைப்பாகிவிடும்.

நீலக் குழாயையும், அதே அளவு இரும்பு கொண்ட 19.8 மில்லிமீட்டர் திண்மக் கம்பியையும் ஒப்பிட்டால் இது எண்ணாகத் தெரியும். இரண்டும் மீட்டருக்கு 2.4 கிலோ. ஆனால் வளைவதற்கு எதிரான விறைப்பில் குழாய் கம்பியைப்போல் 4.8 மடங்கு. நிரந்தரமாக வளைந்துபோவதற்கு முன் தாங்கும் சுமையில் ஏறக்குறைய 2.8 மடங்கு. 1638-இல் வெளியான 'இரு புதிய அறிவியல்கள்' நூலில் கலிலியோ இதை வடிவியல் வழியே விளக்கினார். பறவைகளின் எலும்பும் நாணல் தண்டும் உள்ளீடின்றி இருப்பதால், எடை கூடாமலே அவற்றுக்குப் பெரும் வலிமை கிடைக்கிறது என்று அவர் எடுத்துக்காட்டினார்.

ஆனால் விட்டத்தைக் கூட்டிச் சுவரை மெலியவைத்துக்கொண்டே போவதற்கு எல்லை உண்டு. சுவர் மிக மெலிந்தால், முழுத் தண்டு வளைவதற்கு முன்பே சுவர் உள்வாங்கி மடிந்துவிடும். மெல்லிய அலுமினியக் குழாயைக் கையால் வளைத்தால் ஓரிடத்தில் திடீரென நசுங்குவது இதனால்தான். நீரோ வாயுவோ அழுத்தத்தோடு செல்லும் குழாயில் அந்த அழுத்தத்தைத் தாங்கவும் சுவருக்குத் தடிமன் வேண்டும். துருவுக்கு இரையாகும் பங்கையும், மரை வெட்டும்போது குறையும் பங்கையும் சேர்த்தே தடிமனை முடிவுசெய்ய வேண்டும். இந்தத் தேவைகள் சுவருக்குக் கீழ்வரம்பு வைக்கின்றன. நிறையும் விலையும் மேல்வரம்பு வைக்கின்றன. இரண்டு வரம்புகளுக்கும் இடையில் எந்தத் தடிமன் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்க, சராசரிச் சுற்றளவு, தடிமன், நீளம், அடர்த்தி என்ற நான்கு எண்களின் பெருக்கலிலிருந்தே பொறியாளர் கணக்கைத் தொடங்குகிறார்.